ஆற்றின் கூரை

ஆகஸ்ட் 11

அத்தானுக்கு,

நலம் விசாரிக்கிற பகுதியைத் தாண்டிவிடுகிறேன். நலமாக இருப்பதற்காகத்தானே வீட்டை விட்டுப் போனீர்கள்.

எனக்குச் சுற்றி வளைத்துப் பேச வராது. வேலையும் அப்படித்தான். பரிசோதனைக் கூடத்தில் ஒரு பொருளை இயந்திரத்தில் மாட்டி, அறும்வரை இழுத்து, எங்கே அறுந்தது என்று எழுதிக் கொடுக்கிறவன் நான். எனவே நேராகக் கேட்கிறேன். எப்போது திரும்பி வருவதாக உத்தேசம்?

நீங்கள் வேலை பார்த்தது கூடாரமும் கோடாரியும் விற்கிற கடையில். கல்லாவுக்குப் பின்னால் ஒரு சுவரொட்டி. அதில் தாடிக்காரன் ஒருவன் மலை உச்சியில் ஒற்றைக் காலைப் பாறைமேல் வைத்து நிற்பான். அவனையே பார்த்துப் பார்த்து உங்களுக்கும் தாடி வந்துவிட்டது. நாற்பது வயதில் சிலருக்குத் தொப்பை வருகிறது, உங்களுக்குத் தாடி. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கடை வேலையை உதறிவிட்டு, போன் சிக்னல்கூட இல்லாத மலையில் ஆற்றை அளக்கிற நிலையத்துக்குக் காவலாளாகப் போகிறேன் என்று, போவதற்கு முதல் நாள் சாயங்காலம் அக்காவிடம் சொன்னீர்களே, அதைக் குறை சொல்கிறேன்.

அவள் சிரித்தாள். நானும் அங்கேதான் இருந்தேன். "உருளைக்கிழங்கு சீவச் சொன்னா விரலைச் சீவிக்கிற ஆளு, அங்க போய் என்ன பண்ணப் போறீங்க?" என்றாள். நியாயமான கேள்வி. நீங்கள் பையைக் கட்டினீர்கள்.

அக்கா வழக்கம்போல் காலையில் துறைமுகக் கிரேனில் ஏறுகிறாள், சாயங்காலம் இறங்குகிறாள். உங்களைப் பற்றிப் பேசுவதில்லை. நான் எடுத்தால் இரண்டு கையையும் பக்கவாட்டில் விரித்து வீசுகிறாள். யார்டில் அதற்கு "உடனே நிறுத்து" என்று அர்த்தம். வீட்டில் அவள் பாதிப் பேச்சைக் கிரேன் சைகையில்தான் பேசுவாள் என்பது உங்களுக்குத் தெரியாததா. நான் நிறுத்திவிடுகிறேன்.

நேற்று அவளாகவே ஒன்று சொன்னாள். அப்படியே எழுதுகிறேன்: "குளிர் வர்றதுக்குள்ள ஒரு முடிவு சொல்லச் சொல்லு. வர்றதுன்னா வரட்டும். வரலேன்னா நான் வேற மாதிரி யோசிச்சுக்கறேன்."

வேற மாதிரி என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. நீங்களும் கேட்கும்படி வைத்துக்கொள்ளாதீர்கள்.

இப்படிக்கு,
மைத்துனன்

*

ஆகஸ்ட் 24

மாப்ளே,

உன் கடிதம் சரக்கு லாரியில் வந்தது. பத்து நாளைக்கு ஒருமுறை அந்த லாரிதான் எனக்கு உலகம். மண்ணெண்ணெய், ரொட்டி, உருளைக்கிழங்கு, கூடவே உன் ஏச்சு.

கோபமில்லை. நீ இந்த ஆற்றைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். தண்ணீர் என்று சொன்னால் உனக்குக் குழாய் ஞாபகம் வரும். இது சிமெண்டுக் குழம்பு நிறத்தில், மலையை அரைத்துக்கொண்டு வருகிறது. அடியில் பாறைகள் உருளுகின்றன. அந்த ஓசை காதுக்குக் கேட்பதில்லை. கரையில் நின்றால் உள்ளங்காலில் ஏறுகிறது. முதல் வாரம் அதனாலேயே எனக்குத் தூக்கமில்லை. இப்போது லாரி ஓட்டுநரோடு கொஞ்ச தூரம் கீழே போனால்கூட கால் வெறுமையாக இருக்கிறது.

வேலை என்ன என்று கேட்டால் சிரிப்பாய். ஆற்றின் குறுக்கே கரைக்குக் கரை ஒரு இரும்புக் கம்பிவடம் கட்டியிருக்கிறது. அதில் சக்கரம் மாட்டி, ஒரு பலகையைத் தொங்கவிட்டிருக்கிறார்கள். தொட்டில் என்கிறோம். அதில் உட்கார்ந்து கையால் கயிற்றை இழுத்துக்கொண்டே நடு ஆற்றுக்குப் போக வேண்டும். அங்கே பிரேக்கைப் போட்டு, மின்விசிறி மாதிரி ஒரு கருவியைத் தண்ணீரில் இறக்கினால் அது சுற்றுகிற வேகத்தில் ஆற்றின் வேகம் தெரியும். எழுதிக்கொண்டு திரும்ப வேண்டும். இவ்வளவுதான். ஆனால் மாப்ளே, நடுவில் உட்கார்ந்து கீழே பார்த்துக்கொண்டே இருந்தால் ஒரு கட்டத்தில் ஆறு நின்றுவிடுகிறது. நீயும் பலகையும் மலையும் சேர்ந்து மேல்நோக்கி ஓடுகிறீர்கள். நான் கத்தினேன். பயத்தில் இல்லை. வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இன்னொரு சேதி. நம் கரைப் பக்கம், கான்கிரீட் தூணில் கம்பிவடத்தைக் கட்டியிருந்த முனை துருப்பிடித்துப் போயிருந்தது. அலுவலகத்திலிருந்து மெக்கானிக் அடுத்த மாதம்தான் வருவாராம். அதுவரை உட்கார்ந்திருக்க நான் என்ன கடைக்காரனா? பழைய முனையை வெட்டி எறிந்தேன். வடத்தைத் தூணைச் சுற்றி வளைத்து, மடங்கிய முனையைச் சேர்த்துப் பிடிக்கிற புது கிளிப் மூன்று போட்டு, என் கையாலேயே முறுக்கி இறுக்கிவிட்டேன். அதில் ஏறி அக்கரை போய்த் திரும்பியும் வந்தாயிற்று. ஓட்டுநர் கை தட்டினார். எடுத்தவுடனே படம் வெளியே வருகிற என் கேமராவில் அவரே எடுத்த போட்டோவை இத்துடன் வைத்திருக்கிறேன். அக்காவிடம் காட்டு. எதுவும் சொல்லாதே, காட்டினால் போதும். உருளைக்கிழங்குக்கு அதுதான் பதில்.

அடுத்து, கூடாரத்தோடு அக்கரைக்குப் போய்ச் சில நாள் தங்கப்போகிறேன். அங்கே பாதை கிடையாது. மனிதன் வைத்த பொருள் என்று ஒன்றுமில்லை. அப்படி ஒரு இடத்தில் நான் யார் என்று ஒருமுறை பார்த்துவிட வேண்டும். பார்த்துவிட்டு அவளுக்குப் பதில் எழுதுகிறேன்.

அத்தான்

*

செப்டம்பர் 5

அத்தான்,

தொட்டிலில் ஏறாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள், பிறகு காரணம்.

போட்டோ இன்று காலை வந்தது. தூண்மேல் ஒரு கால், தோளில் கோடாரி, தாடி. நல்ல படம்தான். நான் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில் பார்த்தேன். கம்பிவடத்தை வளைத்துக் கட்டினால் இரண்டு இழை வரும். பாரம் தாங்குகிற நீள இழை ஒன்று, மிஞ்சித் தொங்குகிற வால் ஒன்று. கிளிப்பில் அகலமான அடிக்கட்டை பாரம் தாங்குகிற இழையில் உட்கார வேண்டும். வளைந்த போல்ட் வாலின்மேல் வர வேண்டும். நீங்கள் தலைகீழாகப் போட்டிருக்கிறீர்கள். ஒன்று இரண்டு இல்லை, மூன்றுமே. போல்ட் இப்போது உங்களைத் தாங்குகிற இழையை நசுக்கிக்கொண்டிருக்கிறது, வாலைச் சரியாகப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு முறை நீங்கள் போய் வரும்போதும் வால் கொஞ்சம் உள்ளே நழுவும். ஒரு நாள் முழுசாக நழுவும். ஒருமுறை தாங்கியது என்பதற்கு ஒரு அர்த்தமும் கிடையாது. என் இயந்திரத்தில் எல்லாமே அறுகிறவரை தாங்கத்தான் செய்கிறது.

அக்காவிடம் காட்டினேன். நீங்கள் சொன்னபடி எதுவும் சொல்லவில்லை. கையிலேயே வாங்கவில்லை, பார்த்தாள்.

"மூணும் திருப்பியா?" என்றாள்.

"மூணும்."

"இதுல ஏறிட்டாரா?"

"போயிட்டு வந்துட்டேன்னு எழுதியிருக்கார். மறுபடி அக்கரைக்குப் போறாராம்."

எழுந்தாள். திட்டவில்லை, அழவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் தைரியமாக இருந்திருக்கும். நேராக யார்டுக்குப் போய் விடுப்பு சொல்லிவிட்டு, கிளிப்பும் ஸ்பேனரும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு மத்தியானப் பஸ்ஸில் ஏறிவிட்டாள். நானும் வருகிறேன் என்றதற்கு, "நீ வந்து வியாக்கியானம் பண்ணிட்டு நிப்பே. இரு" என்றாள்.

ஆற்று அலுவலகத்துக்குப் போன் போட்டேன். நிலையத்தில் வயர்லெஸ் பழுதாம், லாரியில் சொல்லி அனுப்புகிறார்களாம். அந்த லாரியில்தான் அக்காவும் ஏறப்போகிறாள். ஆகவே இந்தக் கடிதம் அவளுக்குப் பின்னால்தான் உங்களிடம் வரும். அப்படியென்றால் இதை எழுதி என்ன பயன் என்று கேட்பீர்கள். ஒரு பயனும் இல்லை. சும்மா உட்கார முடியவில்லை.

நீங்கள் இதைப் படிக்கிறீர்கள் என்றால் நல்லது.

*

செப்டம்பர் 14

அத்தான்,

பதில் இல்லை. லாரி இதற்குள் ஒருமுறை மேலே போய்க் கீழே வந்திருக்க வேண்டும். அலுவலகத்தில் கேட்டால், ஓட்டுநர் ஒரு பெண்ணை இறக்கிவிட்டு உடனே திரும்பிவிட்டார், அதற்கு மேல் அவருக்குத் தெரியாது என்கிறார்கள். இறக்கிவிட்ட இடத்தில் நீங்கள் இருந்தீர்களா என்று கேட்டேன். அக்கரையில் கூடாரம் தெரிந்ததாம்.

கூடாரம் தெரிந்தது, ஆள் தெரியவில்லை. இந்தத் தகவலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இரண்டு வார்த்தை போதும். எழுதுங்கள்.

*

செப்டம்பர் 23

மாப்ளே,

நான் உயிரோடு இருக்கிறேன். உன் அக்காவும் நன்றாக இருக்கிறாள். இதை முதல் வரியில் எழுதச் சொன்னதே அவள்தான். என்னை விட்டால் ஆற்றில் ஆரம்பித்து மூன்றாம் பக்கத்தில்தான் இதற்கு வருவேனாம். உண்மைதான்.

உன் இரண்டு கடிதமும் நேற்றுச் சேர்ந்து வந்தன. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

அன்று மத்தியானம் அக்கரையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன், திரும்புவதற்காக. நம் கரையில், தூணுக்குப் பக்கத்தில் யாரோ நிற்பது தெரிந்தது. மஞ்சள் ஹெல்மெட். யார்டு ஹெல்மெட்டைப் பையில் வைக்க இடமில்லை என்று வழி முழுக்கத் தலையிலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாள். பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர், "ஏம்மா, இந்த பஸ் கவுருமா?" என்று கேட்டாராம்.

ஆற்றின் இரைச்சலில் கத்திப் பயனில்லை. அவள் குனிந்து தூணைப் பார்த்தாள். போட்டோவில் முழம் நீளம் தெரிந்த வால், அப்போது விரல் நீளம்தான் இருந்ததாம். நிமிர்ந்தாள். இரண்டு கையையும் விரித்து வீசினாள்.

எனக்கு அந்தச் சைகை தெரியும். என்ன தோன்றியது தெரியுமா? எரிச்சல். இங்கேயுமா என்று இருந்தது. யாரும் நிறுத்து என்று சொல்லாத ஒரு இடத்தைத் தேடித்தான் இவ்வளவு தூரம் வந்தேன். ஒரு கால் ஏற்கெனவே பலகைமேல் இருந்தது. போட்டோவில் இருக்கிற ஆள் மாதிரி ஆற்றைக் கடந்து அவள் முன்னால் போய் இறங்க வேண்டும் என்றிருந்தது. அவள் கையை இறக்கவேயில்லை. யார்டில் அந்தச் சைகையை யார் காட்டினாலும், கூட்டுகிறவர் காட்டினாலும், ஓட்டுகிறவர் நிறுத்தியே ஆக வேண்டும். ஏன் என்று பிறகுதான் கேட்க வேண்டும் என்பாள். எனக்கு அந்த நியாயமெல்லாம் அப்போது ஞாபகம் வரவில்லை. இத்தனை வருஷம் சாப்பாட்டு மேசையில் பழகிய பழக்கம், கால் தானாக இறங்கிவிட்டது.

அதோடு விட்டிருக்கலாம். நான் நின்றால் போதும், என் சாமான் ஏன் நிற்க வேண்டும் என்று ஒரு வீம்பு. கூடாரம், பை, கோடாரி, பெஞ்சு செய்வதற்காக ஆற்றோரத்தில் பொறுக்கி வைத்திருந்த மரத்துண்டு, எல்லாவற்றையும் ஏற்றினேன். என் எடைக்கு மேலேயே இருக்கும். பிரேக்கைத் தட்டிவிட்டேன். அவள் அப்போது கிளிப்பை எடுக்கப் பைக்குள் குனிந்திருந்தாள், கவனிக்கவில்லை.

தொட்டில் தானாக ஓடி நடு ஆற்றுக்குப் போனது. பிறகு சத்தமே இல்லை. நான் ஏதோ வெடிக்கும் என்றுதான் நினைத்திருந்தேன். நேர்க்கோடாக இருந்த வடம், கோடாக இல்லாமல் போனது, அவ்வளவுதான். தொட்டில் ஆற்றின்மேல் உட்கார்ந்தது, ஆறு எடுத்துக்கொண்டது. கோடாரி ஒருமுறை மின்னியது. அக்கரையில், அதாவது அவள் பக்கம், அவிழ்ந்த முனை சாட்டை மாதிரிச் சுழன்று, குனிந்திருந்த அவள் தலைக்கு மேலே போய்ப் பாறையில் அடித்தது. தூசி கிளம்பியது. தூசி அடங்கும்வரை அவளைக் காணோம்.

அந்த நேரத்தைப் பற்றி எழுத மாட்டேன்.

எழுந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றித் தட்டி மறுபடி போட்டுக்கொண்டாள். என்னைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அவள் கையை விரித்தபடி நின்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நீ கணக்குப் போடாதே. நான் போட்டுவிட்டேன்.

இந்த ஆற்றுக்குப் பாலம் கிடையாது. மேலே எங்கேயோ பனிக்கட்டிக்கு அடியிலிருந்து கிளம்பி வருகிறது, அந்தப் பனிக்கட்டிமேல் ஏறித்தான் கடக்க முடியும் என்று ஓட்டுநர் அவளிடம் சொல்லியிருக்கிறார். அவள் மேற்குப் பக்கம் கையைக் காட்டி, இரண்டு விரலால் நடந்து காட்டினாள். நான் நடந்தேன். அவளும் நடந்தாள். நான் இந்தக் கரையில், அவள் அந்தக் கரையில்.

மாப்ளே, கடையில் நான் விற்ற ஒரு பொருளும் அப்போது என்னிடம் இல்லை. உடுத்தியிருந்த துணியும் ஒரு தீப்பெட்டியும்தான். பாறை வந்தால் தவழ்ந்தேன். ஓடை வந்தால் இடுப்பளவு இறங்கினேன். தலையை நிமிர்த்தினால் எதிரில் மஞ்சள் புள்ளி ஒன்று, நான் நின்றால் நின்றது, நடந்தால் நடந்தது. சரிவில் ஏறும்போது ஒரு உள்ளங்கைமேல் இன்னொன்றை வைத்துக் காட்டுவாள்: மெதுவாக. நான் காட்டுவேன்: சரி. கல்யாணம் ஆனதிலிருந்து அவள் சொன்னதை நான் இவ்வளவு நேரம் தொடர்ந்து கேட்டதில்லை என்கிறாள்.

ஒரு இடத்தில் ஆறு குறுகி வந்தது. ரொட்டியைத் துணியில் கல்லோடு முடிந்து வீசினாள். முதலாவதை ஆறு தின்றது. இரண்டாவது என் பக்கத்துப் பாறையில் மோதிச் சிதறியது. மண்ணோடு பொறுக்கித் தின்றேன். அவள் நின்று கடைசித் துணுக்கு வரை பார்த்துக்கொண்டிருந்தாள். வெளிச்சம் குறைந்ததும் நான் ஒரு பாறை இடுக்கில் நெருப்பு மூட்டினேன், அவள் எதிரில் மூட்டினாள். இரண்டு கையையும் வயிற்றுக்கு முன்னால் கோத்துக் காட்டினாள். அதற்கு, எல்லாம் அப்படியே இருக்கட்டும் என்று அர்த்தம். நானும் கோத்துக் காட்டினேன்.

மறுநாள் காலையிலேயே ஒரு திருப்பம் தாண்டியதும் அது வந்தது. எப்படிச் சொல்ல? பள்ளத்தாக்கை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை அடைத்துக்கொண்டு பனிக்கட்டி. அதன் அடியில் ஒரு வாசல். உள்ளே நீலம், வானத்து நீலம் இல்லை, நான் வேறெங்கும் பார்க்காத நீலம், போகப் போகக் கறுத்துக்கொண்டே போனது. அங்கிருந்து ஆறு முழுசாக, ஏற்கெனவே பெரிதாக, வெளியே வந்துகொண்டிருந்தது. அவளுடைய கிரேனைக் கொண்டுவந்து நிறுத்தினால் அந்த வாசலுக்குள் நிமிர்ந்து நிற்கும் என்று பிறகு சொன்னாள். நான் மாதக்கணக்கில் இந்த ஆற்றின் உயரத்தையும் வேகத்தையும் எழுதி அனுப்பிக்கொண்டிருந்தவன். அது இதுதான் என்று எனக்குத் தெரியாது.  எதிரில் அவள் நின்று ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள்.

அவரவர் பக்கத்திலிருந்து கல்சரிவில் ஏறிப் பனிக்கட்டிமேல் நடந்து நடுவில் சந்தித்தோம். அந்த இடம் ஆற்றுக்குக் கூரை. நான் கன்னத்தில் ஒன்று விழும் என்றுதான் நின்றேன். அவள் குப்புறப் படுத்துக் காதைப் பனிமேல் வைத்தாள். நானும் படுத்தேன். முகத்துக்கு முகம் ஒரு சாண் இடைவெளி. அடியில் ஆறு போய்க்கொண்டிருந்தது.

காதை எடுக்காமலே சொன்னாள்: "தினமும் மேலேர்ந்துதான் எல்லாத்தையும் பார்க்கறேன். எதுக்கு மேல இருக்கோம்னு ஒரு நாளும் நெனைச்சதில்ல."

அப்புறம், "உங்களுக்கு இது பிடிச்சுதே, அதுல ஒரு தப்பும் இல்ல. நீங்க போட்ட கிளிப்புதான் தப்பு" என்றாள்.

"வீட்டுக்கு வந்துடறேன்" என்றேன். முடிவு கேட்டிருந்தாளே, அதற்கு.

"கம்பியை அறுத்துட்டு அப்படியே வந்துடுவீங்களா? நல்லா இருக்கே" என்றாள்.

நீ போனில் சொன்னதை வைத்து அலுவலகம் அனுப்பிய மெக்கானிக், நேற்று வந்த லாரியில் புது வடத்தோடு வந்தார். உன் அக்கா அவரை வேலை செய்ய விடவில்லை, நான் செய்தேன். நான் முறுக்குவேன், அவள் சரிபார்ப்பாள். கிளிப் சரியான பக்கம்தான், பதறாதே. கல்லை ஏற்றி ஓட்டிப் பார்த்துவிட்டு, மறுபடி முறுக்கச் சொன்னாள். முதல் ஆளாக அவளே ஏறினாள். நடு ஆற்றில் பிரேக்கைப் போட்டாள். கருவியை இறக்கவில்லை, சும்மா உட்கார்ந்திருந்தாள். வெயில் பலகையை விட்டு நகர்ந்து போயிற்று. மெக்கானிக், "அம்மாவுக்கு ஏதாச்சும் ஆயிடுச்சா?" என்றார். ஆயிடுச்சு என்றேன்.

ஆறு உறைந்ததும் நிலையத்தை மூடிவிடுவார்கள். அதுவரை இருந்துவிட்டுச் சேர்ந்து வருகிறோம் என்கிறாள். முடிவு சொல்ல வேண்டியவன் நான் என்றுதான் நீ எழுதியிருந்தாய், அவள் சொல்லிவிட்டாள். யார்டில் நீதான் பேச வேண்டும். தாடி பற்றி இன்னும் தீர்ப்பு வரவில்லை.

அத்தான்

*

அக்டோபர் 6

அத்தானுக்கு,

கடிதத்தைப் பரிசோதனைக் கூடத்து நடையில் நின்றுகொண்டே படித்தேன். நீங்கள் மரத்துண்டை ஏற்றிய இடம் வந்ததும் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துவிட்டேன். மேலே படித்தால் உங்களை என்ன செய்வேன் என்று எனக்கே தெரியவில்லை. அவள் தலைக்கு மேலே வடம் போனதை அவள் மன்னித்திருக்கலாம், அது அவள் விஷயம். நான் மன்னிப்பதாக இல்லை. நேரில் பார்க்கும்போது இதைப் பற்றிப் பேசுவோம், சாவகாசமாக.

மிச்சத்தைச் சாயங்காலம் படித்தேன். அந்த இரண்டு கரை நடையை இன்னொரு முறையும் படித்தேன்.

யார்டுக்குப் போனேன். மேற்பார்வையாளர், "எப்ப வருவாங்க?" என்றார். ஆறு உறையணும் என்றேன். "எந்த ஆறு?" என்றார். டீ குடிக்கிற இடத்தில் வைத்துச் சொல்ல ஆரம்பித்தேன். வாசல், நீலம், கிரேன் நிமிர்ந்து நிற்கும் என்று அக்கா சொன்னது. எனக்கு இப்படியெல்லாம் பேச வராது என்று உங்களுக்குத் தெரியும். பாதியில் பார்த்தால் கொக்கியில் சரக்கு மாட்டுகிற ரிக்கர்கள் இரண்டு பேரும் கிரேன் ஓட்டுகிற இன்னொரு அக்காவும் வந்து நின்றுகொண்டிருந்தார்கள். மேற்பார்வையாளரின் டீ ஆறிப்போயிருந்தது. "நிமிர்ந்தா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, தலையைத் தூக்கி அக்காவின் கிரேனை அடியிலிருந்து உச்சி வரை பார்த்தார். விடுப்பைப் பற்றி அதற்கப்புறம் அவர் பேசவில்லை.

லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்து இடம் அடுத்த தடவை காலியாக இருக்குமா என்று கேட்டுச் சொல்லுங்கள். வேண்டாம், கேட்க வேண்டாம், பதில் வர நாளாகும். கிளம்பி வருகிறேன். உறைவதற்குள் வந்தாக வேண்டும். பனிமேல் காதை வைத்தீர்கள் என்று இரண்டு பேரையும் பற்றி எழுதியிருக்கிறீர்கள், என்ன கேட்டது என்று ஒரு வரிகூட எழுதவில்லை. ஆற்றைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற ஆள் அதை மட்டும் விட்டிருக்கிறீர்கள். அக்காவைக் கேட்டாலும் சொல்லப்போவதில்லை.

நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.

மைத்துனன்